நியான் டெட்ரா சென்னைக்கு ஒத்துவராதா?

11 பிப்ரவரி 2023 – வேளச்சேரி வாசகரின் கேள்வி

அக்கா, இரண்டடித் தொட்டி வாங்கி நாலாம் நாளே 8 நியான் டெட்ரா மீன் விட்டேன். இன்றைக்கு ஒன்பதாவது நாள். 3 தான் பாக்கி. உடம்பில் புண் இல்லை, புள்ளி இல்லை. ராத்திரி நன்றாக நீந்துகிறது, காலையில் பார்த்தால் ஃபில்டர் ஓரம் ஒட்டிக் கிடக்கிறது. கடையில் கேட்டால் "நியான் சென்னைக்கு ஒத்துவராதுங்க, கப்பி வளங்க" என்கிறார்கள். நிஜமாகவே ஒத்துவராதா? மிச்சம் மூன்றையாவது காப்பாற்ற வேண்டும்.

11 பிப்ரவரி 2023, இரவு

தண்ணீர்தான் தம்பி. அடித்துச் சொல்வேன், எனக்கே நடந்திருக்கிறது.

2017இலிருந்து நாலு வருடம் கோயம்புத்தூர் வடவள்ளியில் இருந்தோம். குழாயில் சிறுவாணித் தண்ணீர். அதில் 12 நியான் வைத்திருந்தேன். நாலு வருடத்தில் இறந்தது மூன்றுதான். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வாரம் ஒரு வாளித் தண்ணீர் மாற்றுவேன், அவ்வளவுதான். 2021 ஜூனில் மடிப்பாக்கம் வந்தோம். மீன்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தொட்டி, ஃபில்டர், கல், விளக்கு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இங்கே 10 நியான் வாங்கி விட்டேன். இரண்டு வாரத்தில் ஒன்று மிச்சம்.

எல்லாம் அதே சாமான், தண்ணீர் மட்டும் வேறு. வடவள்ளியில் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் கருவி) 100ஐத் தொட்டதில்லை. இங்கே போர் தண்ணீரில் வைத்தால் 1100. அம்மா வந்த முதல் நாளே சொல்லிவிட்டார், இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று. நியான் அமேசான் காட்டு ஓடை மீன், உப்பு அதிகமில்லாத மென்மையான தண்ணீரில் வாழ்வது. அதைக் கொண்டுவந்து இதில் போட்டால் எப்படித் தாங்கும்?

ஆர்.ஓ. தண்ணீர் கலந்து 300க்குக் கீழே கொண்டுவாருங்கள். சரியாகிவிடும்.

13 பிப்ரவரி 2023

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நேற்று கொளத்தூர் போனபோதுதான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் மீன் கடைத் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் இருநூறு நியான் இருக்கும், ஒரே தொட்டியில், பளபளவென்று. கேட்டுவிட்டு மீட்டரை விட்டேன். 780. அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, "போர் தண்ணிதாங்க, ஆர்.ஓ.வுக்கெல்லாம் எங்க போறது" என்றான். மூன்று வாரமாக அதே மீன்கள் அங்கே இருக்கின்றனவாம்.

780இல் மூன்று வாரம் நன்றாக இருக்கும் மீன், என் 1100இல் ஏன் வரிசையாகச் செத்தது? உப்பு காரணம் என்றால் அங்கேயும் கொஞ்சமாவது செத்திருக்க வேண்டும். பெரும்பாலான நியான் இப்போது அமேசானிலிருந்து வருவதில்லை, தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் பிறந்து வளர்ந்து வருபவை. வளர்ந்த மீனுக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர் பழகிப் போயிருக்கும். முட்டை பொரிக்கத்தான் மென்மையான தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

அப்படியென்றால் நான் "அடித்துச் சொன்னது" தப்பு. யோசித்துவிட்டு வருகிறேன். தம்பி, அதற்குள் ஆர்.ஓ. கேன் நாலைந்து வாங்கி ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள். திடீர் மாற்றம் அதற்கு இன்னும் மோசம்.

17 பிப்ரவரி 2023

கிடைத்துவிட்டது. நாலு நாளாகச் சமையல் செய்யும்போதும் இதே நினைப்பு.

லாரி வருவதற்கு முந்தின நாள், வடவள்ளி வீட்டில், ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஸ்பான்ஞ் கறுப்பாகச் சேறு பிடித்திருந்தது. புது ஊருக்கு அழுக்கோடு எடுத்துப் போக வேண்டாமே என்று குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளைத் தண்ணீர் வரும்வரை அலசினேன். மொட்டை மாடியில் ஒரு நாள் வெயிலில் காயவைத்தேன். அப்புறம்தான் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினேன். "எல்லாம் அதே சாமான்" என்று எழுதினேனே, அது உண்மையில்லை. தொட்டியின் உயிரே அந்தச் சேற்றில்தான் இருந்தது. அதை நானே வெயிலில் கொன்றுவிட்டு வந்திருக்கிறேன்.

இதுபற்றித் தெரியாதவர்களுக்காக: மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா தண்ணீரில் சேரும். அது விஷம். ஸ்பான்ஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வளரும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருகப் புதுத் தொட்டியில் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தம்பி நாலாம் நாளே 8 மீன் விட்டார். நானும் காய்ந்த ஸ்பான்ஞ்சை மாட்டி மூன்றாம் நாள் 10 மீன் விட்டேன். இரண்டும் ஒரே கதை.

கொளத்தூர்க் கடையில் வருடக்கணக்காக ஓடும் ஸ்பான்ஞ் ஃபில்டர். அதனால் 780இல் மீன் நிற்கிறது.

ஆனால் தண்ணீருக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று மீனை அவ்வளவாகத் தொடாது, இன்னொன்று செவுளைச் சுட்டுவிடும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் புளிப்பு, காரத்தைக் காட்டும் அளவான பி.எச். தண்ணீர் 25 டிகிரியில் இருக்கும்போது, பி.எச். 7 என்றால் கெட்டது அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். பி.எச். 8 என்றால் ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிடும். அதே அளவு அழுக்கு, விஷம் பத்து மடங்கு. என் சிறுவாணித் தண்ணீர் 7க்குப் பக்கத்தில் இருந்தது. மடிப்பாக்கம் போர் தண்ணீர் 8.2. வடவள்ளியில் 2017இல் முதல் தொட்டி வைத்தபோதும் ஒரு வாரத்தில்தான் மீன் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அதை என் கைராசி என்று நாலு வருடம் நம்பியிருந்தேன். சிறுவாணி என் தப்பைப் பொறுத்துக்கொண்டது, போர் தண்ணீர் பொறுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. போர் தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்த கையோடு பி.எச். பார்க்காதீர்கள். பூமிக்குள்ளிருந்து கரியமில வாயுவோடு வருவதால் குறைவாகக் காட்டும். வாளியில் ஒரு நாள் வைத்துப் பிறகு பாருங்கள்.

18 பிப்ரவரி 2023

தம்பி கேட்டது: "இப்போது என்ன செய்ய?"

தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம், பட்டினியால் நியான் சாகாது. அதன்பிறகு நாளுக்கு ஒரு சிட்டிகைகூட அதிகம். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ என்றால் ஆன்டி குளோரின் சொட்டு போட்ட பிறகே ஊற்றுங்கள், போர் தண்ணீர் என்றால் அது தேவையில்லை. கல் உப்பு போடச் சொல்வார்கள், டெட்ராவுக்கு வேண்டாம். கடையில் தரும் நீல மருந்தும் (மெத்திலீன் ப்ளூ) வேண்டாம், அது பாக்டீரியாவையும் சேர்த்து அடிக்கும். அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். மீன் வாங்குவதை விட்டுவிட்டு அதை வாங்குங்கள்.

ஸ்பான்ஞ்சை ஒருபோதும் குழாயடியில் அலசாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு தடவை பிழிந்தால் போதும்.

2 மார்ச் 2023

தம்பியின் மூன்றில் இரண்டு தப்பிவிட்டன. சந்தோஷம்.

"விடிகாலை விளக்குப் போட்டால் நிறமே இல்லை, சாகப் போகிறதா" என்று அவர் பயந்து கேட்டிருந்தார். இல்லை. நியான் தூங்கும்போது அப்படித்தான். அந்த நீலக் கோடு சாயம் இல்லை. தோலில் சில செல்களுக்குள் மிக மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்பும்போதுதான் நமக்கு நீலப்பச்சையாகத் தெரிகிறது. இருட்டில் தகடுகளுக்கு இடையிலான தூரம் மாறிவிடும், கோடு ஊதா பக்கம் போய் மங்கிவிடும். வெளிச்சம் வந்த பிறகு கொஞ்ச நேரத்தில் பழையபடி திரும்பும். பகல் முழுக்க வெளிறியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வடவள்ளியில் முதல் வாரம் நானும் இதைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

19 மார்ச் 2023

எண்ணிக்கை பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். தம்பியிடம் 2 மீன் இருக்கிறது, "இரண்டுமே தொட்டி பின்னால் ஒளிந்துகொள்கிறது, வெளியே வருவதே இல்லை" என்கிறார். வராது. கூட்டத்தில் வாழ்வதற்கென்றே பிறந்த மீன் அது. நாலு சென்டிமீட்டர்கூட வளராத ஓர் உயிர், தன்னைவிடப் பெரியது எல்லாமே தின்ன வரும் ஓடையில். அதற்கு முள் இல்லை, விஷம் இல்லை. பக்கத்தில் பத்துப் பேர் இருப்பது ஒன்றுதான் பாதுகாப்பு.

என் தொட்டியில் நான் பார்த்தது. இங்கே முதலில் மிஞ்சிய ஒன்று, நான்கு மாதம் தனியாக இருந்தது. ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கில் நிற்கும். தீனி போட்டால் வரும், கவ்விக்கொண்டு திரும்ப ஓடும். அப்புறம் 5 சேர்த்தேன். பயம் போயிற்று, ஆனால் சண்டை வந்தது. ஒன்று தலைவன் மாதிரி மற்ற ஐந்தையும் துரத்திக்கொண்டே இருந்தது. நியானைச் சாதுவென்று எல்லோரும் சொல்வார்கள், சின்னக் கூட்டத்தில் அப்படி இல்லை. பிறகு 8 சேர்த்து 14 ஆனதும், யாரைத் துரத்துவது என்று அதற்கே தெரியாமல் விட்டுவிட்டது. அன்றையிலிருந்து தொட்டி முழுக்க மேய்கின்றன.

முன்பு யாரோ கேட்டபோது "6 போதும்" என்று சொல்லியிருக்கிறேன். திரும்பப் பெறுகிறேன். 12க்குக் குறைந்து வாங்காதீர்கள். 60க்கு 30க்கு 30 சென்டிமீட்டர் தொட்டியில் 54 லிட்டர் பிடிக்கும், கல்லும் மண்ணும் போக 45 வரும். 12, 14 நியானுக்கு அது போதும். பணம் கணக்குப் பார்த்தால் வேறு வகை மீனைக் குறையுங்கள், நியானைக் குறைக்காதீர்கள்.

இன்னொன்று. வீடியோக்களில் எல்லா நியானும் ஒரே பக்கம் பார்த்து, இறுகி, அணிவகுப்பு போல் போகும். நம் வீட்டில் ஏன் அப்படிப் போவதில்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பயந்தால்தான் இறுகும். குக்கர் விசில் அடித்தால், மகள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினால், என் 14உம் ஒரு நொடியில் ஒரே உருண்டையாகிவிடும். உடம்பின் பக்கவாட்டில் ஓடும் ஒரு கோட்டால் பக்கத்து மீன் அசைவதைத் தண்ணீரின் அதிர்விலேயே அறிகின்றன. ஐந்து நிமிடத்தில் பழையபடி பிரிந்து, ஒன்று இலையைக் கொத்தும், ஒன்று சும்மா நிற்கும், இரண்டு பேர் மூலையில் உரசிக்கொள்வார்கள். அப்படிச் சிதறிக் கிடந்தால் நிம்மதியாக இருக்கின்றன என்று அர்த்தம்.

22 மார்ச் 2023

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒருவர், "கூட்டம் அழகாக இறுக வேண்டும், ஒரு ஏஞ்சல் மீன் விடலாமா" என்று கேட்கிறார். தயவுசெய்து வேண்டாம்.

திருப்பூரில் என் கொழுந்தனார் வீட்டில் உள்ளங்கை அகல ஏஞ்சல் ஒன்று உண்டு. அதோடு 10 நியான் விட்டார். தினமும் காலையில் ஒன்று குறைந்தது. பிணமும் இல்லை. "கரைஞ்சு போயிடுது அண்ணி" என்று போனில் சொன்னார். எதுவும் கரையவில்லை. ஏஞ்சலும் அமேசான் பக்கத்து மீன்தான், இருட்டில் நியான் அசையாமல் நிற்கும்போது விழுங்கிவிடும். வாய்க்குள் போகும் அளவுள்ள எதையும் அது தீனியாகத்தான் பார்க்கும். கூட்டம் இறுகியது அழகு என்று நாம் பார்த்துக்கொண்டிருப்போம், அவை நாள் முழுக்க உயிர்ப் பயத்தில் இருக்கும்.

9 மே 2023

அக்னி நட்சத்திரம் தொடங்கி ஐந்து நாள். மத்தியானம் தொட்டியில் 32.4 டிகிரி.

நியானுக்கு இது அதிகம். அதன் சொந்த இடம் பெரு, கொலம்பியா, பிரேசில் எல்லைப் பக்கத்து மேல் அமேசான் ஓடைகள். மரம் அடர்ந்து வெயிலே படாத தண்ணீர். 1930களின் நடுவில் அகஸ்ட் ராபோ என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து பிடித்துவந்தார். 1936இல் ஜார்ஜ் மையர்ஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார், வில்லியம் இன்னஸ் என்ற அமெரிக்க மீன் வளர்ப்பாளரை நினைத்து. "இன்னசி" என்ற பெயர் அப்படி வந்தது. (மகள் பள்ளியில் சொல்ல வேண்டும் என்று கேட்டாள், அதனால் தேடிப் படித்தேன்.) 22 முதல் 26 வரை அதற்குச் சுகம். 28 தாங்கும். 32இல் மூச்சு வேகமாக வாங்குகிறது, மேலே மேலே வருகிறது. காரணம் சூடு மட்டும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 டிகிரியில் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 32இல் 7.3தான். மீனுக்கோ சூட்டில் கூடுதலாகத் தேவைப்படும்.

நான் செய்வது: மூடியை எடுத்துவிட்டு, மேசை ஃபேனைத் தண்ணீர் மேல் படும்படி சாய்த்து வைக்கிறேன். மண்பானை வேலை செய்யும் விதம்தான் இதுவும், ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒன்றரை மணி நேரத்தில் 29.5க்கு வந்தது. ஏர் பம்ப் 24 மணி நேரமும் ஓடட்டும். விளக்கை மாலையில் மட்டும் போடுங்கள். ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவதை நான் நிறுத்திவிட்டேன். ஒரு மணி நேரத்தில் நாலு டிகிரி இறங்கி, திரும்ப ஏறும், மீனை அலைக்கழிக்கும்.

24 மே 2023

9ஆம் தேதி எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன், அதனால் என் தொட்டியே கெட்டது.

ஃபேன் வைத்தால் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் குறைகிறது. நான் வழக்கமாக ஒரு பங்கு போர் தண்ணீருக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. கலந்து ஊற்றுவேன், 310 அளவில் நிற்கும். குறைந்த தண்ணீருக்கும் அந்தக் கலவையையே ஊற்றினேன். இரண்டு வாரத்தில் மீட்டர் 420. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆவியாகிக் குறைந்ததை நிரப்ப வெறும் ஆர்.ஓ. தண்ணீர். வாராந்திர மாற்றத்துக்குத்தான் கலவை. இப்போது புரிந்தது.

அப்புறம், இந்தச் சூட்டுக்குக் கார்டினல் டெட்ரா நல்லதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பார்க்க நியான் மாதிரியே இருக்கும். நியானில் சிவப்பு நடுவயிற்றிலிருந்து வால்வரை மட்டும், கார்டினலில் தலையிலிருந்து வால்வரை. அது ரியோ நெக்ரோ பக்கத்து மீன், அந்தத் தண்ணீரே வெதுவெதுப்பானது, 28, 29 டிகிரியை நியானைவிட நன்றாகத் தாங்கும். பிரேசிலில் பார்செலோஸ் என்ற ஊரில் அதைக் காட்டிலிருந்து பிடித்து விற்பதே பல குடும்பங்களின் பிழைப்பு. ஆனால் ரியோ நெக்ரோ டீ டிக்காஷன் நிறத்தில், புளிப்பேறிய, உப்பே இல்லாத தண்ணீர். சூட்டுக்கு கார்டினல் தேவலை, போர் தண்ணீருக்கு நியான் தேவலை. ஆர்.ஓ. கலக்கச் சலிக்காதவர் கார்டினல் வாங்கலாம்.

25 மே 2023

டி.டி.எஸ். மீட்டர் கடினத்தை அளப்பதில்லை என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரிதான். கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பிரிக்காது. ஆனால் ஆர்.ஓ. எவ்வளவு கலந்தோம் என்று பார்க்க அதுவே போதும்.

6 ஜூலை 2023

நாட்டு வாதுமை இலை. சென்னையில் தெருவுக்கு ஒரு மரம் இருக்கிறது, தானாக உதிர்ந்த காய்ந்த இலையை எடுத்து, கழுவி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, ஒன்றிரண்டு போட்டேன். தண்ணீர் தேன் நிறமாயிற்று. நியானின் நீலம் அதில் எரிகிறது. மீன்கள் அமைதியாகின. கடையில் இதையே பொட்டலம் போட்டு விற்கிறார்கள்.

பி.எச். இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். போர் தண்ணீரில் கார்பனேட் அதிகம், இலையின் புளிப்பை விழுங்கிவிடும். என் அளவு 7.6, இலைக்கு முன்னும் 7.6, பின்னும் 7.6.

27 ஆகஸ்ட் 2023

ஒரு மீனுக்கு முதுகில் வெள்ளையாக ஒரு திட்டு. கூட்டத்தை விட்டு விலகி நிற்கிறது. கோடு நடுவில் அறுந்த மாதிரி.

நியான் நோய் என்று எழுதிவிட்டேன் காலையில் ஒருவருக்கு. மாலை அழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். உண்மையான நியான் நோய் தசைக்குள் குடியேறும் மிக நுண்ணிய ஒட்டுண்ணியால் வருவது, மெதுவாக வாரக்கணக்கில் நிறத்தைத் தின்னும், முதுகு வளையும், அதற்கு மருந்து இல்லை. அதே மாதிரி வெள்ளைத் திட்டு தருகிற பாக்டீரியா நோய் ஒன்று உண்டு. அது வேகமாக, இரண்டு மூன்று நாளில் ஆளை முடிக்கும், வாயோரம், துடுப்போரம் பஞ்சு மாதிரி தெரியும், ஆரம்பத்தில் பிடித்தால் மருந்து கேட்கும். கண்ணால் பார்த்து இது அதுதான் என்று நான் சொன்னது அவசரம்.

எதுவானாலும் முதல் வேலை ஒன்றே. தனித் தொட்டிக்கு மாற்றுவது. செத்த மீனை மற்றவை கொத்த விடாதீர்கள், நியான் நோய் பரவும் முக்கிய வழி அதுதான்.

3 செப்டம்பர் 2023

ஏழு நாள் தனியாக இருந்து இன்று காலை போய்விட்டது. மெதுவாகத்தான் போயிற்று, முதுகு வளைந்திருந்தது. நியான் நோய்தான் என்று நினைக்கிறேன். மற்ற 13உம் இதுவரை நன்றாக இருக்கின்றன. மகள் மாதுளைச் செடியடியில் புதைத்தாள். புதிதாக வாங்குவதை இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

9 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல். இப்போதுதான் போனில் சார்ஜ் நின்றிருக்கிறது.

3ஆம் தேதி ராத்திரி மழை தொடங்கி, 4ஆம் தேதி விடிகாலை கரண்ட் போனது. கீழ் வீட்டில் முழங்கால் தண்ணீர், அவர்கள் சாமானெல்லாம் எங்கள் மாடிக்கு வந்தது. மூன்று ராத்திரி கரண்ட் இல்லை. இவ்வளவுக்கும் நடுவில் மீனைப் பற்றி யோசிப்பதா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் கீழ் வீட்டுப் பாட்டிதான் முதலில் கேட்டார், "அதுங்களுக்குக் காத்து வேணாமா?"

பேட்டரி ஏர் பம்ப் முதல் ராத்திரியோடு நின்றது. அதன்பிறகு எவர்சில்வர் சொம்பால் மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றுவது, இருபது தடவை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பாட்டியும் மகளும் முறை வைத்துச் செய்தார்கள். தீனியே போடவில்லை. தொட்டி மேல் உட்காரும் டாப் ஃபில்டர் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி நின்றால் பாக்டீரியா மூச்சில்லாமல் செத்து அழுகும், அதனால் ஸ்பான்ஞ்சை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டுவைத்தேன். கரண்ட் வந்ததும் பெட்டியில் தேங்கியிருந்ததைக் கொட்டிவிட்டு, பிறகு மாட்டி ஓட்டினேன்.

13இல் 12 இருக்கின்றன. அந்த ஒன்று எப்போது போனது என்று தெரியவில்லை.

தண்ணீர் மாற்ற ஆர்.ஓ. இயந்திரம் ஓடவில்லை. மொட்டை மாடியில் திறந்த வாளிகளில் மழைத் தண்ணீர் நேராகப் பிடித்தேன், மீட்டர் 20க்குக் கீழே காட்டியது. முதல் மழை காற்றிலுள்ள அழுக்கோடு வரும், அது வேண்டாம். ஒரு நாள் அடித்த பிறகு வருவது போதும். கூரையிலிருந்து குழாய் வழியாக வருவதைப் பிடிக்காதீர்கள்.

14 ஜனவரி 2024

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினம், ஆர்.ஓ. வசதி இல்லை, நியான் வளர்க்கலாமா என்று.

உங்கள் நாட்டு மீன் ஒன்று இருக்கிறதே, செர்ரி பார்ப். உலகிலேயே இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளில்தான் இயற்கையாக வாழ்வது, 1929இல் தெரணியகல பெயர் வைத்தது. காட்டில் குறைந்துகொண்டே வருகிறது. வாங்கினால் பண்ணையில் வளர்த்ததை வாங்குங்கள். ஆண் மீன் முட்டையிடும் காலத்தில் ரத்தச் சிவப்பாகும். சொந்த ஓடை மென்மையான தண்ணீர்தான் என்றாலும், பண்ணையில் வளர்ந்தது நியானைவிடக் கடினத் தண்ணீருக்கு வளைந்து கொடுக்கும், 27, 28 டிகிரியில் குறை சொல்லாது.

அதைவிடவும் கவலை வேண்டாம் என்றால் ஜீப்ரா. கங்கைப் பக்கத்தில் பார்த்து 1822இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் பெயரிட்ட மீன். நம் துணைக்கண்டத்து வயல் வாய்க்கால் மீன், சூடும் கடினமும் அதற்குப் பழகியது. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்ப்பதும் அதையேதான். நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், குதிக்கும், மூடி கட்டாயம்.

என்னை யாராவது முதலிலேயே கேட்டிருந்தால் சென்னையில் ஜீப்ராதான் வாங்கியிருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் வாதுமை இலைத் தண்ணீரில் அந்த நீலக்கோட்டைப் பார்த்த பிறகு என்னால் மாற முடியாது.

25 பிப்ரவரி 2024

வேளச்சேரித் தம்பி இன்று வீட்டுக்கு வந்தார். ஒரு வருடமாக 2 மீனை வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். என் ஸ்பான்ஞ்சில் பாதியை வெட்டி, தொட்டித் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் மாட்டிவிட வேண்டும், பையை வெயிலில் வைக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். அதை ஒருமுறை வெயிலில் வைத்தவள் நான்.

புதிய மீன்கள் ஒரேயடியாக வேண்டாம், முதலில் 6, மூன்று வாரம் கழித்து 6. கடைத் தண்ணீர் 780, இவர் தொட்டி 350. பையைத் திறந்து, அரை டம்ளர் அரை டம்ளராகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, ஒரு மணி நேரம் பழக்கிய பிறகு வலையால் பிடித்து விட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது.

7 ஏப்ரல் 2024

தம்பியிடமிருந்து: "14 இருக்க வேண்டும், 13 தான் வருகிறது, மூன்று தடவை எண்ணிவிட்டேன். பிணம் எங்கும் இல்லை."

ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ண முடியாது. தீனி போட்டதும் எல்லாம் மேலே வரும், அப்போது போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, படத்தில் எண்ணுங்கள். அப்படியும் 13 என்றால் ஹீட்டர் பின்னால் பாருங்கள். உங்கள் பழைய இரண்டில் ஒன்று அங்கே நிற்கும், ஒரு வருடப் பழக்கம்.

7 ஏப்ரல் 2024, இரவு

ஹீட்டர் பின்னால்தான் இருந்ததாம்.